கதவுக்கு வெளியே டீச்சரம்மா

சம்பந்தியம்மாவின் மூச்சு விடியற்காலையில் அடங்கிவிட்டது என்ற சேதியோடு போன வாரக் கதையில் டீச்சரம்மாவை விட்டுவிட்டு வந்தோம். சேதி காதில் விழுந்ததும் அவர் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தத் துணிப்பையை இழுத்தார். இரண்டு வெள்ளைத் துண்டு, சோப்பு, சீப்பு, பஞ்சு, பவுடர் டப்பா, கத்தரிக்கோல். எல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அந்தப் பையை அவர் தோளில் பார்த்தாலே போதும், எங்கேயோ ஒரு பெண் கண்ணை மூடிவிட்டாள் என்று சபையில் எல்லாருக்கும் புரிந்துவிடும். குளிப்பாட்டி, தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, பெட்டியில் வைக்கத் தயார் செய்வது டீச்சரம்மாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. சின்ன வயதில், கூட வேலை பார்த்த பாட்டு டீச்சர் காய்ச்சலில் போனபோது, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சொந்தக்காரர்களே வாசலில் நின்றுவிட்டார்கள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று உள்ளே நுழைந்தவர்தான். அதற்கப்புறம் எத்தனை பேர் என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

கணவர் போனபோது பிள்ளை இடுப்பில் இருந்தான். பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சிறுவர் வகுப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே எல்லாம் செய்து, அவனையும் ஆளாக்கி, ஒருத்தி கையில் பிடித்துக் கொடுத்தாகிவிட்டது. வயது எழுபத்தெட்டு. இப்போதும் தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், "மொதல்ல சட்டை பட்டனப் போடு" என்றுதான் பதில் வரும். அப்படி வாங்கிக் கட்டிக்கொள்கிறவனுக்கே தலை நரைத்திருக்கும்.

நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனுஷிகளால் வருகிற தொல்லை இருக்கிறதே, அப்பப்பா! அதை மருமகளிடம்தான் கேட்க வேண்டும்.

மருமகளுக்குத் தையல் கடை. அவளுடைய அம்மா வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேஜை, அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கடைக்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மாவின் அறை. அம்மா உள்ளே, மகள் வெளியே என்று இத்தனை வருஷம் ஓடியிருந்தது.

டீச்சரம்மா போய்ச் சேர்ந்தபோது மருமகள் அந்தக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அம்மாடி..." என்று டீச்சரம்மா கையை நீட்டினார்.

"நீங்க வேணாம் அத்தை."

"சம்பந்திய நான் பாத்துக்கறேன். நீ ஒரு வாய் காபி குடிச்சுட்டு வா. விடிஞ்சதுலருந்து நின்னுட்டே இருக்க."

"உங்களுக்குக் காது கேக்கலயா? வேணாம்னு சொன்னேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். டீச்சரம்மாவைப் பார்த்துக் 'காது கேக்கலயா' என்று கேட்ட முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும்.

"சீக்கிரம் செய்யணும்மா. நேரமானா கை கால் எல்லாம் வெறச்சுப் போயிடும். அப்புறம்..."

"வெறச்சா வெறச்சிட்டுப் போகட்டும். எங்க அம்மாவ நானே பாத்துக்கறேன். உங்க கை அவங்க மேல படக் கூடாது. பட்டுதுன்னா, அடக்கம் முடிஞ்சு நான் உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன். உங்க பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன்."

நேற்றுவரை 'நம்ம வீடு'. இன்றைக்கு 'உங்க வீடு'. டீச்சரம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. டீச்சரம்மா தோளில் பையோடு அங்கேயே நின்றார்.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக, இந்தத் தாழ்ப்பாள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சர்ச்சில் பெண்கள் ஞாயிறு. அன்றைக்கு எல்லாம் பெண்கள் கையில். யார் ஜெபம், யார் பாட்டு, யார் வேத பாடம் வாசிப்பது என்று ஏற்பாடு செய்வது டீச்சரம்மா. அவருக்கு ஓர் ஆசை வந்தது. 'பாவம், சம்பந்தி எப்பப் பாத்தாலும் கடைசி வரிசைல உக்காந்து எழுந்து போறாங்க. அவங்கள வாசிக்க வச்சு மரியாதை பண்ணணும்.' நல்ல ஆசைதான். முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. திடீரென்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார்.

சம்பந்தியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

யாருக்கும் அது தெரியாது, மகளைத் தவிர. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்பினால் இவரும் திருப்புவார். பாட்டெல்லாம் மனப்பாடம். ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவார். அவரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவே இல்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வந்தார். சபையே திரும்பிப் பார்க்கும்போது வராமல் என்ன செய்வார்? புத்தகத்தின் முன் நின்றார். பேச்சில்லை. கண்ணாடியை மறந்துவிட்டார்போல என்று டீச்சரம்மா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதையும் வாங்கி மாட்டிக்கொண்டார். அப்போதும் பேச்சில்லை. அப்போதுதான் டீச்சரம்மாவுக்கு உறைத்தது.

வேறு யாராக இருந்தாலும், "அவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கியிருப்பார்கள். டீச்சரம்மா என்ன செய்தார்? பக்கத்தில் போய் நின்று, ஒன்றாம் வகுப்புக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்று சொல்ல, சம்பந்தியம்மா அதைத் திருப்பிச் சொல்ல, கடைசி வரைக்கும் அப்படியே நடந்தது. பெரியவர்கள் குனிந்துகொண்டார்கள். இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த வாரமே டீச்சரம்மா மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். வெறுங்கையோடா போவது? ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகமும் சிலேட்டும் வாங்கிக்கொண்டு போனார். "வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றேன் சம்பந்தி, ஆறே மாசத்துல பேப்பர் படிச்சிடுவீங்க" என்றார். அந்த உற்சாகத்தில் மன்னிப்புக் கேட்பது விட்டுப்போய்விட்டது. சம்பந்தியம்மா சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அவர் சர்ச் பக்கமே வரவில்லை. டீச்சரம்மா வந்தால் தூக்கம் வருகிறது என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

மைக்கில் அப்படிச் செய்தது தப்பு என்று டீச்சரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார். இறந்தவர்களிடம் பேசிக்கொண்டே வேலை செய்வது அவர் பழக்கம். "கொஞ்சம் குளிரும், பொறுத்துக்கோங்க", "இந்தக் கையக் குடுங்க" என்று பேச்சு நடந்துகொண்டே இருக்கும். அந்தப் பேச்சோடு பேச்சாக, "மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். இனி அதற்கு இந்த ஒரு நாள்தான் இருக்கிறது. பெட்டியை மூடிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

வெயில் ஏறியது. கடைக்குள் ஆள் சேர்ந்தது. பெஞ்சு போதாமல் பக்கத்துக் கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். சுவரில் பாதி தைத்த ரவிக்கைகள் ஆணியில் தொங்கின. அவற்றுக்குக் கீழே டீச்சரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு உதவிக்கு வருகிற இரண்டு பெண்களும் வந்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூட ஆயா, இன்னொருத்தி பாட்டுக் குழுவில் பாடுகிறவள். விஷயம் கேட்டதும் பாட்டுக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களயே வெளிய உக்கார வச்சிட்டாளா? நல்லா இருக்கே! நீங்க தொடாம நாங்களும் தொட மாட்டோம் டீச்சர்."

"வாய மூடு. செத்த வீட்டுல வீம்பு பண்ணாத. போய்க் கதவத் தட்டு."

பாட்டுக்காரி போய்த் தட்டினாள். "யாரும் வேணாம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. 'நான்தான் சொன்னேனே' என்கிற முகத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பிள்ளை தெருவிலிருந்து உள்ளே வந்தான். லிஃப்ட் மெக்கானிக். பெட்டிக்கும் வண்டிக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தான். வேலைக்குப் போகிற சட்டையை இன்னும் மாற்றவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினான்.

"ஏம்மா, ஒரு தடவ மன்னிப்புக் கேட்டிருக்கலாம்ல? மூணு வருஷமா சொல்லிட்டே இருக்கேன்."

"கேக்கத்தான் போனேன்."

"போனீங்க. கேட்டீங்களா?"

டீச்சரம்மா பையின் கைப்பிடியைச் சுருட்டி மடித்தார்.

"எல்லார் வீட்டுக் கஷ்டத்துக்கும் ஓடறீங்க. ஊர்ல யாருக்குக் காய்ச்சல்னாலும் நீங்கதான் மொத ஆளு. இவளோட அம்மா விஷயத்துல மட்டும் ஏம்மா இப்படி?"

"கௌரவமா இருக்கும்னுதான்டா கூப்பிட்டேன்."

"அது எனக்குத் தெரியும். அவளுக்கு யாரு புரிய வைக்கிறது?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "அவ சும்மா சொல்லல. துணிமணியெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கா. அந்த மெஷினுக்கு அடியில பாருங்க."

டீச்சரம்மா பார்த்தார். பச்சை நிற சூட்கேஸ். கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த அதே சூட்கேஸ். மருமகள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வாய்க்கு வாய் பதில் சொல்லுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், ஆனால் ராத்திரி கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடாமல் ஒருநாளும் படுத்ததில்லை. இந்த மூன்று வருஷக் கோபத்திலும் அந்த எண்ணெய் நிற்கவில்லை. தேய்க்கும்போது மட்டும் பேச மாட்டாள்.

"நான் பண்ணினதுக்கு உன் குடும்பம் உடையணுமா?" என்றார்.

"என்னக் கேக்காதீங்கம்மா. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட ஆளுங்கள தினம் வெளிய எடுத்து விடறேன். என்னை யாரு எடுத்து விடப் போறாங்களோ தெரியல."

போதகர் வந்தார். சின்ன வயசு. டீச்சரம்மாவிடம் சிறுவர் வகுப்பில் அடி வாங்கியவர். மதியத்துக்கு மேல் அடக்கம் என்றும், அதற்கு முன்னால் வீட்டில் சின்ன ஜெபம் என்றும் சொன்னார். சாத்திய கதவையும் டீச்சரம்மாவின் மடியில் இருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். டீச்சரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். போதகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க! கொஞ்சம் கதவுகிட்ட வாங்க."

பிள்ளை ஓடினான். "சொல்லும்மா."

"குளிப்பாட்டிட்டேன். ரவிக்கை போட முடியல. கை மடங்க மாட்டேங்குது."

பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். டீச்சரம்மாவுக்கு நாக்கு துறுதுறுவென்றது. சீக்கிரம் செய்ய வேண்டும் என்று காலையிலேயே சொன்னாரே! அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் வாழ்நாளில் சொல்லிக்காட்டாமல் விட்ட சில சமயங்களில் இதுவும் ஒன்று.

"வெந்நீர்ல துண்ட நனச்சுத் தோள்ல போட்டு, மெதுவா நீவி விடச் சொல்லு. இழுக்க வேணாம்னு சொல்லு."

பிள்ளை கதவுக்குள் சொன்னான். கொஞ்ச நேரம் போயிற்று.

"ஆகலங்க."

"அப்ப ரவிக்கைய முதுகுப் பக்கம் நடுவுல வெட்டச் சொல்லு. கழுத்துலருந்து கீழ வரைக்கும். ஒவ்வொரு பாதியா கையில ஏத்தி முன்னால ஹூக் போட்டுட்டு, பின்னால சொருகி விட்டாப் போதும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"ரவிக்கைய முதுகுல வெட்டணுமாம்."

"யாரு சொன்னா?"

"அம்மா."

உள்ளே ஓர் அழுகை கேட்டது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றவள், இப்போது வாய்விட்டு, சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சரம்மா எழுந்துவிட்டார். கதவு வரைக்கும் போய்விட்டார். தட்டக் கையை ஓங்கியவர் தட்டாமல் இறக்கிக்கொண்டார்.

தாழ்ப்பாள் திறந்தது.

"உள்ள வாங்க" என்றாள் மருமகள்.

டீச்சரம்மா ஓர் அடி எடுத்து வைத்தார்.

"ஆனா நீங்க பேசக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் வெளிய அனுப்பிடுவேன். எங்க அம்மாகிட்டயும் பேசக் கூடாது."

டீச்சரம்மா பேசத்தானே வந்தார்! ஆனாலும் தலையை ஆட்டினார். உள்ளே போனார். கதவு மறுபடி சாத்தப்பட்டது.

கட்டிலில் சம்பந்தியம்மா படுத்திருந்தார். மகள் நன்றாகத்தான் குளிப்பாட்டியிருந்தாள். கழுத்து மடிப்பில் மட்டும் கொஞ்சம் சோப்பு நுரை. டீச்சரம்மா துண்டை எடுத்து அதைத் துடைத்தார். "கொஞ்சம் குளிரும், பொறுத்துக்கோங்க" என்று உதடு வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் கிளிப்பச்சைச் சேலை இருந்தது. மேலே அதே நிறத்தில் ரவிக்கை, மடிப்புக் கலையாமல். ஒரு நாள்கூட உடம்பில் ஏறாத துணி என்று பார்த்தவுடன் தெரிந்தது. டீச்சரம்மா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"அது வேணாம்." மருமகள் தன் கத்தரியை எடுத்தாள். "நான் தச்சது. நானே வெட்டறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கத்தரி துணியில் இறங்கவில்லை. நாள் பூராவும் துணி வெட்டுகிற கை. டீச்சரம்மா பேசாமல் ரவிக்கையின் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒரு விரலால் கோடு காட்டினார். மருமகள் வெட்டினாள்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. டீச்சரம்மா ஒரு தோளைத் தூக்கிப் பிடிக்க, மருமகள் பாதி ரவிக்கையைக் கையில் ஏற்றினாள். மற்றப் பாதி. ஹூக். பாவாடை, சேலை, கொசுவம். இரண்டு பேருக்கும் ஒருவர் கை இன்னொருவருக்குத் தடையாக இல்லை. ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் முட்டிக்கொள்ளாமல் நடமாடிய பழக்கம்.

டீச்சரம்மா சீப்பை எடுத்துத் தலைமாட்டில் உட்கார்ந்தார். சம்பந்தியம்மாவின் முடி இன்னும் நீளமாக இருந்தது. நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போனார்.

"இந்த ரவிக்கை எப்பத் தச்சதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மருமகள்.

டீச்சரம்மா இல்லை என்று தலையசைத்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள். ராத்திரி பூரா அழுவாங்கன்னு நெனச்சேன். அழவே இல்ல. 'டீச்சர்கூட என்னப் படிச்சவன்னுதான்டி நெனச்சிட்டு இருந்திருக்காங்க'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. 'எத்தன வருஷமா யாருக்கும் தெரியாம ஏமாத்திட்டேன் பாரு'ன்னாங்க. உங்களத்தான் பாவம்னாங்க. 'டீச்சருக்கு வேர்த்து ஊத்திடுச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம என்னென்னமோ பண்ணிட்டாங்க'ன்னாங்க."

சீப்பு நின்றது.

"இந்தச் சேலைய எடுத்துக் குடுத்து, 'இதுக்கு ரவிக்கை தச்சுக் குடு, வர்ற ஞாயிறு மொத வரிசைல போய் உக்காரப் போறேன், ஒளிஞ்சு உக்காந்ததெல்லாம் போதும்'னாங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? எல்லா வேலையயும் ஓரமா வச்சிட்டு இத மொதல்ல தச்சேன்."

மருமகள் அம்மாவின் சேலைத் தலைப்பை நீவிவிட்டாள். ஏற்கெனவே நேராக இருந்ததைத் திரும்பத் திரும்ப நீவினாள்.

"சனிக்கிழமை நீங்க வந்தீங்க."

டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"புத்தகத்தயும் சிலேட்டயும் தூக்கிட்டு வந்தீங்க. பெஞ்சு நெறய அளவு குடுக்க வந்தவங்க. அவங்க முன்னாடி அம்மா கைல குச்சியக் குடுத்து, 'மொத எழுத்தப் போடுங்க பாப்போம்'னீங்க. அவங்க கைமேல உங்க கைய வச்சுப் போட வச்சீங்க. 'நல்லா வருதே!'ன்னு கைதட்டினீங்க அத்தை. பெஞ்சுல இருந்தவங்களயும் கைதட்டச் சொன்னீங்க."

ஆமாம், சொன்னார். டீச்சரம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சனிக்கிழமையை அவர் தன் நல்ல காரியங்களோடு சேர்த்து வைத்திருந்தார். பெயரைச் சொல்லாமல் சிறுவர் வகுப்பில் ஒரு கதையாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க போனதும் ரவிக்கைய மடிச்சு பீரோல வச்சாங்க. 'இனிமே நான் அவங்களுக்குச் சம்பந்தி இல்லடி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ள'ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிலேட்ட அடுப்புக்குப் பின்னால போட்டாங்க. பாட்டு பாடறதக்கூட நிறுத்திட்டாங்க. தெனமும் பாடிட்டே இருப்பாங்க, நான் மெஷின்ல இருந்து கேட்டுட்டே இருப்பேன்."

டீச்சரம்மாவின் கண்ணீர் சம்பந்தியம்மாவின் நெற்றியில் சொட்டியது. பதறிப்போய்த் துண்டால் ஒற்றினார். மறுபடி சொட்டியது. மறுபடி ஒற்றினார். வாயைத் திறக்கவில்லை. முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னி, தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டார்.

வேலை முடிந்தது. இரண்டு பேரும் எழுந்து கட்டிலின் காலடியில் நின்று பார்த்தார்கள்.

"அழகா இருக்காங்க" என்றாள் மருமகள். டீச்சரம்மா பக்கம் திரும்பி, "இப்பப் பேசலாம்" என்றாள்.

டீச்சரம்மா வாயைத் திறந்தார். வரவில்லை. மூன்று வருஷமாய் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த மன்னிப்பு மைக்கில் நடந்ததற்காகத் தயார் பண்ணினது. அந்தத் தப்பைச் சம்பந்தியம்மா அன்றைக்கு ராத்திரியே சிரித்து மன்னித்துவிட்டார். இந்தத் தப்புக்கு டீச்சரம்மாவிடம் ஒரு வார்த்தையும் தயாராக இல்லை. இப்படி ஒரு தப்பு இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

"எனக்குத் தெரியாம போச்சே" என்றார் கடைசியில். "நான் நல்லது பண்றேன்னு... எனக்குத் தெரியவே இல்லம்மா."

"அதான் எனக்கு ஆத்திரம். வேணும்னே பண்ணியிருந்தீங்கன்னா, சண்ட போட்டுட்டு விட்டிருப்பேன்."

"சம்பந்தி..." என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார் டீச்சரம்மா. மருமகள் பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டார்.

மருமகள் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அன்பாகத்தான் பிடித்தாள் என்று சொல்ல முடியாது.

"அம்மா மன்னிச்சிருப்பாங்க. அவங்க மனசு அப்படி. நான் அவங்க இல்ல."

கதவைத் திறந்தாள். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஆயா வந்தாள், பாட்டுக்காரி வந்தாள், பிள்ளை வந்தான். அவன் மனைவி முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சுவரோரம் நின்றான். போதகர் வேதாகமத்தைத் திறந்து டீச்சரம்மாவிடம் நீட்டினார். எந்த வீட்டுச் சாவிலும் பாடம் வாசிப்பது அவர்தானே.

டீச்சரம்மா கை நீட்டவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"வேற யாராவது வாசிக்கட்டும் ஐயா" என்றாள் மருமகள். "எங்க அம்மாவுக்கு இன்னைக்கு டீச்சர் வேணாம். அத்தை சம்பந்தியா வந்து எம்பக்கத்துல உக்காரட்டும்."

போதகர் ஒன்றும் புரியாமல் புத்தகத்தைப் பாட்டுக்காரியிடம் கொடுத்தார். டீச்சரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், மருமகளோடு உட்கார்ந்தார். ஐம்பது வருஷத்தில் ஒரு சாவு வீட்டில் வேலை எதுவும் இல்லாமல் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

பாட்டுக்காரி வாசிக்க ஆரம்பித்தாள். மருமகள் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், டீச்சரம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அந்த சூட்கேஸ் இன்னும் மெஷினுக்கு அடியிலதான் இருக்கு. வீட்டுக்கு வருவியான்னு என்கிட்ட கேக்காதீங்க."

டீச்சரம்மா கேட்கவில்லை.